வெளி உணவால் மரணம் இல்லை

மருத்துவமனையின் உணவுப் பாதுகாப்புப் பிரிவு வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'வெளி உணவால் இங்கு இதுவரை ஒரு மரணமும் நிகழவில்லை' என்று அதில் எழுதியிருந்தது. உள் உணவைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை. மனிதர்கள் வேறு எதனால் செத்தாலும் அது வேறு பிரிவு. அதற்கு வேறு வாசல்.

அந்தப் பலகைக்குக் கீழே கிடந்த பெஞ்சில் ஐஸ்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி. பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவே ஒரு சின்ன டப்பா, டப்பாவுக்குள் ஆறு துண்டு சுஷி, அதாவது சோற்றுப் பிடி மேல் பச்சை மீன் வைத்த ஜப்பான்காரப் பண்டம். வாழ்க்கை முழுக்க ஐஸ் இழுத்த மனிதர். இவ்வளவு கொஞ்சம் ஐஸை இவ்வளவு பயந்து தூக்கிக்கொண்டு வந்தது அன்றைக்குத்தான்.

அவர் மீன் வெட்டும் கூடத்தில் ஐஸ் வண்டி இழுக்கிறவர். அவர் மனைவி அதே கூடத்தில் மீன் வெட்டியவள். சுஷிக் கடைகளுக்குப் போகிற மீன். தோலை உரித்து, முள்ளை இடுக்கியால் பிடுங்கி, ரத்தம் ஓடிய கறுப்புச் சதையை வழித்தெடுத்து, செங்கல் மாதிரி சதுரமாக்கிப் பெட்டியில் அடுக்க வேண்டும். பாதி ஆயுசை அந்தக் குளிரில் நின்றே கழித்தாள். ஒரு துணுக்கை வாயில் வைத்ததில்லை. வைத்தால் வேலை போய்விடும். மேசைக்கு மேலே கேமரா.

அதற்காகக் கம்பெனி ஆட்களைப் பட்டினி போட்டது என்று சொல்லிவிட முடியாது. தினமும் காலையில் டீயும் பன்னும் இலவசம். அந்தப் பன்னை அவள் தின்றாளா, அவளைப் பன் தின்றதா என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. வயிறு உப்பும், ஓயாமல் போகும், உடம்பு கரையும். ஒரு டாக்டர் 'கேஸ்' என்றார். இன்னொருவர் 'மனக்கவலை' என்றார். கடைசியாக ஒருவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்கிற சமாசாரம் இவளுக்கு ஆகவே ஆகாது, இத்தனை வருஷமாக அது குடலை அரம் போட்டு ராவியிருக்கிறது என்றார். பன்னை நிறுத்தினாள். ஆனால் குடலுக்குள் அதற்குள் ஒரு கட்டி குடிவந்துவிட்டது.

அந்த டாக்டர்தான் ஒருநாள் ஐஸ்காரரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, தோளில் கை வைத்துச் சொன்னார்: "கோதுமை மட்டும் வேணாம், வலி கூடும். மத்தபடி இனிமே அவங்க என்ன கேட்டாலும் வாங்கிக் குடுங்க. ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும்."

ஐஸ்காரர் கிட்டத்தட்ட ஓடியே வந்தார்.

"ஏய், பத்தியத்தை எடுத்துட்டாரு! எது வேணா சாப்பிடலாமாம். தேறிட்ட நீ!"

பக்கத்துக் கட்டில் அம்மா, பேச்சை நிறுத்தாத பெண்பிள்ளை, சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மனைவி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கலைக்க அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

"அப்ப சுஷி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"சுஷியா?"

"எவ்வளவு வெட்டியிருக்கேன். எவன் எவன் வாயிலயோ போச்சு. அப்படி என்னதான் இருக்கு அதுலன்னு பாத்துட்டுப் போறேனே."

"எங்க போற?"

"வீட்டுக்குத்தான்."

சுஷிக் கடையின் பின்வாசல் ஐஸ்காரருக்குத் தெரியும். ஐஸ் போகிற வாசல் அதுதான். உள்ளே சுஷிக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மீனும் சோறும்தானேண்ணே. அதுல கோதுமை எங்க வரப் போகுது?" என்று கேட்டார் ஐஸ்காரர்.

"எங்க வரலைன்னு கேளுங்க. தொட்டுக்கற சோயா சாஸ் இருக்கே, அது சோயாவும் கோதுமையும் சேத்துப் புளிக்க வெச்சது. நண்டுக் குச்சின்னு ஒண்ணு வெக்கிறோம், அதுல நண்டைத் தவிர எல்லாம் இருக்கு, மாவு உள்பட. மொறுமொறுன்னு மேல தூவறது மாவு. விலாங்கு மேல தடவறது சோயா. பச்சையா காரமா ஒரு விழுது வெக்கிறமே, அதுலயும் சில கம்பெனிக்காரன் மாவு கலக்கறான். சோத்துல ஊத்தற வினிகர்ல சிலது பார்லில செய்யறது. பார்லியும் இவங்களுக்கு ஆகாது. இதையெல்லாம் நான் போடாம விட்டாலும் என் பலகையில இருக்கும், கத்தியில இருக்கும், கையில இருக்கும்."

ஐஸ்காரரின் முகம் செத்துவிட்டது. "அப்ப முடியாதா?"

"யார் சொன்னா முடியாதுன்னு? காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி வாங்க. புதுப் பலகை, தேய்ச்சுக் கழுவின கத்தி, புதுக் கையுறை. தனியா வடிச்ச சோறு, அதுல சுத்தமான அரிசி வினிகர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை. மேல வெறும் மீன். சோயாவுக்குப் பதிலா சிட்டிகை உப்பு. அவ்வளவுதான். யாருக்கு?"

"வீட்டுல. கூடத்துல வெட்டுவா. ஜன்னலோர மேசை."

சுஷிக்காரர் துடைப்பதை நிறுத்தினார். "ஜன்னலோரமா? அந்தப் பெட்டி வந்தா நான் வேற பெட்டியத் தொடவே மாட்டேனே. ஒரு முள்ளு இருக்காதே." பிறகு, "நானே என் கையால சோறு பிடிச்சு மீன் வெச்சுத் தரேன்" என்றார்.

இவ்வளவுதான் விஷயம். உலகத்தில் ஒரு பிரச்சினை இவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிட்டால் அதற்கென்று ஒரு பிரிவு எதற்கு இருக்கிறது?

மறுநாள் மருத்துவமனை வாசலில் காவலாளி பெட்டியைத் திறந்து பார்த்தார். "வெளி உணவு. கமிட்டிக்குப் போங்க" என்றார். அப்படித்தான் ஐஸ்காரர் அந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார்.

கமிட்டியில் மூன்று பேர். தலைவர், ஏசி அறையிலும் தலையில் வலைத்தொப்பி போட்டிருந்தார். சமையலறைக்கு அவர் போனதில்லை. ஆனால் தொப்பி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததும் இல்லை. அவருக்கு வலப்பக்கம் உணவு ஆலோசகர் அம்மா. இடப்பக்கம் சட்டம் பார்க்கிறவர்.

"நோயாளி எங்களுக்குக் குழந்தை மாதிரி" என்று தலைவர் ஆரம்பித்தார். "குழந்தை கையில கிடைச்சதை வாயில போடும். பெத்தவங்கதான் புடுங்கணும். நாங்க புடுங்கிக்கிட்டே இருக்கோம். டப்பாவைத் திறங்க."

திறந்தார்.

"ஒரு துண்டு பரிசோதனைக் கூடத்துக்கு. ஒண்ணு குளிர்பெட்டியில இருக்கட்டும், நாளைக்கு அந்தம்மாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா எடுத்துப் பாக்கலாம். எனக்கு ஒண்ணு, ஆலோசகருக்கு ஒண்ணு, சட்டத்துக்கு ஒண்ணு."

"ஒண்ணு மீதி இருக்குங்க" என்றார் ஐஸ்காரர் நம்பிக்கையோடு.

"அது ஒப்பிடறதுக்கு. தொடாத துண்டு ஒண்ணு இருந்தாத்தானே தொட்டது எதுன்னு தெரியும்?"

"அப்ப நோயாளிக்குங்க?"

"நோயாளிக்கு அறிக்கை வரும்."

அன்று மத்தியானம் வார்டில் மனைவிக்கு உள் உணவு வந்தது. தட்டில் 'குளூட்டன் இல்லை' என்று பெரிதாக ஒட்டியிருந்தது. தட்டில் கஞ்சி, கஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட்.

"இது கோதுமைதானேம்மா?" என்று ஐஸ்காரர் வார்டு அம்மாவிடம் கேட்டார்.

"எல்லாத் தட்டுலயும் பிஸ்கட் வெக்கணும்னு ஆர்டர்ங்க. இந்தத் தட்டுக்குன்னு நான் தனியா எடுத்தா என் வேலைதான் போகும். நீங்க எடுத்துருங்க, நான் பாக்கல."

மனைவி பிஸ்கட்டைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தாள். பிஸ்கட் தொட்ட ஓரத்துக் கஞ்சியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் குடித்தாள். "சுஷி?" என்றாள்.

"சோதிக்கறாங்க. நல்லதுக்குத்தானே."

"ஆறு துண்டையும் நானே தின்னுருவேன், சொல்லிட்டேன். உங்களுக்குக் கிடையாது."

அறிக்கைக்குப் பதிலாக இன்னொரு டப்பா கேட்டு ஆள் வந்தது. அதைத் தலைவர் இன்னும் கவனமாகச் சோதித்தார். இந்தத் தடவை மேசை மேல் ஒரு கிண்ணம் இருந்தது. கிண்ணத்தில் சோயா சாஸ். மூன்று பேரும் தொட்டுத் தொட்டுச் சோதித்தார்கள்.

"ஐயா, சோயாவுலதான் கோதுமைன்னு..."

"தெரியும்ப்பா. எங்களுக்கா தெரியாது?" தலைவர் உதட்டைத் துடைத்தார். "ஆனா சோயா இல்லாம ருசியே தெரியல. ருசி தெரியாம பாதுகாப்பை எப்படிச் சோதிக்கிறது?"

ஆலோசகர் அம்மா சோதனையின் முடிவைச் சொன்னார்: "இதுல சோயா இருக்கு. நிராகரிக்கலாம்."

நிராகரித்தார்கள்.

பிறகு செய்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கமிட்டி மொத்தமாகக் கிளம்பிக் கடைக்குப் போனது, சாப்பாட்டு வேளையில். மறுநாள் சுஷிக்காரர் ஐஸ்காரரிடம் சொன்னார்: "உக்காந்து சோதிச்சாங்க. அப்புறம் பொட்டலம் கட்டிக்கிட்டுப் போயும் சோதிச்சாங்க. அந்தத் தொப்பிக்காரர் வீட்டுலயும் எல்லாரும் சோதிக்கணுமாம். உங்க வீட்டுல சாப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்லண்ணே."

சுஷிக்காரர் மறுபடியும் புதுப் பலகையை எடுத்து வைத்தார்.

வார்டில் கணக்குக் குறைந்துகொண்டே வந்தது. ஆறும் எனக்குத்தான் என்றவள், "மூணு போதும், மூணு உங்களுக்கு" என்றாள். கஞ்சி தண்ணீராகி, தண்ணீர் ஸ்பூனாகிவிட்ட பிறகு, "ஒண்ணு போதுங்க" என்றாள். அப்புறம், "சோறு வேணாம். மேல இருக்கற மீன் மட்டும். அதுவும் ஒரு ஓரம்."

"தேறிட்டு வர்ற உடம்பு, பசி அப்படித்தான் முன்னப் பின்ன இருக்கும்" என்றார் ஐஸ்காரர்.

பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "யோவ், நீ ஆம்பளைதானே? சட்டைக்குள்ள வெச்சுக் கொண்டாந்து அந்தப் புள்ள வாயில வைய்யா. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி இடம் குடுக்க மாட்டான். நீ பூசாரிகிட்ட போய் வரிசையில நிக்கற."

ஐஸ்காரர் யோசித்தார். ஒரு சின்னத் துண்டுதான். சட்டைக்குள் ஐஸ் வைத்துப் பழகிய உடம்பு. ஆனால் மனைவி கையை நீட்டி அவர் விரலைப் பிடித்தாள். மீன் வெட்டித் தழும்பேறிய விரல்கள், இப்போது வெறும் எலும்பு.

"வேணாம். புடிச்சாங்கன்னா உங்கள உள்ள விட மாட்டாங்க. சுஷி இல்லாம இருந்துருவேன். நீங்க இல்லாம என்னால இங்க கெடக்க முடியாது."

அதற்குப் பிறகு அவர் வரிசையில்தான் நின்றார்.

ஒருவழியாக அனுமதி வந்தது. அதற்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு டீ, டீக்கு பிஸ்கட். தலைவர் எழுந்து பேசினார்.

"இன்னைக்கு ஒரு ஏழை நோயாளியோட ஆசையை நாம நிறைவேத்தறோம். சிலர் கேக்கறாங்க, ஏன் இவ்வளவு தாமதம்னு. நான் கேக்கறேன், தாமதத்தால யாராவது செத்திருக்காங்களா? செத்திருந்தா, அது எங்க பலகையில வந்திருக்கும். வரல. அவசரமாச் சாப்பிட்டவன் செத்திருக்கான். காத்திருந்தவன் எவனும் சாப்பாட்டால சாகல. இதை நான் பெருமையாச் சொல்லுவேன்."

கைதட்டினார்கள். ஐஸ்காரரும் தட்டினார். அவர் கையில் மட்டும் சத்தம் பலமாக வந்தது. ஐஸ் வண்டி இழுத்த கை.

சோதித்தது போக, அன்று கொண்டுவந்த டப்பாவில் மிஞ்சியது ஒரே துண்டு. அதற்குப் பாதுகாப்பு முத்திரை ஒட்ட வேண்டும். டப்பாவின் மேல் ஒட்டினால் போதாது; டப்பாவை மாற்றிவிடுவார்கள் என்று சட்டம் பார்க்கிறவர் சொன்னார். ஆகவே துண்டைச் சுற்றியே ஒட்டினார்கள். ஆபீஸ் உதவியாளர் ஒரு தகரக் குவளையைக் கொண்டு வந்தார். உள்ளே வெள்ளையாகக் கொழகொழவென்று, இன்னும் ஆவி பறந்தது. விரலால் தொட்டு எடுத்துக் காகிதப் பட்டையில் பூசி, மீனையும் சோற்றையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி அழுத்தினார். பட்டையில் 'கோதுமையற்றது, பாதுகாப்பானது' என்று இருந்தது.

"என்னண்ணே அது?" என்றார் ஐஸ்காரர்.

"பசை. நானே காய்ச்சினது. கடையில விக்கிற பசையில கெமிக்கல் இருக்குன்னு கமிட்டி தடை பண்ணிருச்சு. நோயாளிங்க நல்லதுக்காக."

"எதுல காய்ச்சினது?"

"வேற எதுல? மைதா."

ஐஸ்காரர் துண்டை டப்பாவுக்குள் வைத்தார். பிறகு தலைவரிடம் போனார். "ஐயா, மைதான்னா கோதுமைதானுங்களே."

தலைவர் பொறுமையாக அவர் தோளில் கை வைத்தார். "நீ அதைச் சாப்பாடா பாக்கற. அது எழுதுபொருள்ப்பா. எழுதுபொருள் எங்க பிரிவுல வராது."

"பிரிச்சு எடுத்துட்டுக் குடுக்கலாங்களா?"

"முத்திரையைப் பிரிச்சா அது பாதுகாப்பில்லாத உணவு."

சாட்சிக்கு ஆலோசகர் அம்மா கூடவே வார்டுக்கு வந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

மனைவி கண் திறந்தாள். அவர் அவள் முதுகுக்குத் தலையணை கொடுத்து, துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க இது, மீனுக்கு பெல்ட்டு போட்டிருக்கு?"

"முத்திரை."

"எதுல ஒட்டினாங்க?"

அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "மைதாவுல."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் ஓய்ந்து, மறுபடியும் சிரிப்பு வந்தது. பக்கத்துக் கட்டில் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நாசமாப் போக" என்றாள், யாரையென்று சொல்லாமல்.

மனைவி கட்டைவிரலால் மீனின் ஓரத்தைத் தடவினாள். பட்டை மறைக்காத ஒரு விரல்கடை இடம். "நம்ம கூடத்து மீன்தான். என் இடத்துல நிக்கறவ கத்திய அழுத்திப் புடிக்கறா. ஓரம் கசங்கியிருக்கு பாருங்க." அதை மோந்து பார்த்தாள். பிறகு அவரிடமே நீட்டினாள்.

"நீங்க சாப்பிடுங்க."

"நானா? உனக்குன்னு..."

"எனக்கு இனிமே எறங்காதுங்க. நீங்க தின்னுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. அப்படியே சொல்லணும். சும்மா 'நல்லா இருக்கு'ன்னு சொல்லக் கூடாது."

அவர் காகிதத்தை உரித்தார். அவருக்குப் பசையால் ஒன்றும் ஆகாது. பன் தின்ற உடம்பு. வாயில் போட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் மென்றபோது அவள் தொண்டை அசைந்தது.

"வாயில வெச்சதும் எப்படி இருக்கு?"

"சில்லுனு. ஐஸ் மாதிரி."

"ஆமா, ஐஸை விட்டா உங்களுக்கு என்ன தெரியும்." உதட்டோரம் சிரிப்பு. "அப்புறம்?"

"அப்புறம்..."

"நிறுத்துங்க!" என்று ஆலோசகர் அம்மா கத்தினார். "யாரு சாப்பிடறது? அனுமதி அவங்க பேர்ல இருக்கு! நீங்க எப்படிச் சாப்பிடலாம்?"

காவலாளிகள் வந்தார்கள். அனுமதி இல்லாத ஒருவர் வெளி உணவு உட்கொண்டுவிட்டார், அவரைக் கண்காணிப்பில் வைக்க வேண்டும், அது விதி.

"இருங்க, இவகிட்ட சொல்லிட்டு வந்துடறேன். ஒரு வார்த்தைதான்."

"பேசாதீங்க. வாயில இன்னும் உணவு இருக்கு."

மனைவி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "போய்ட்டு வாங்க. வந்து சொல்லுங்க."

மேல்மாடியில் ஒரு அறையில் அவரைப் படுக்க வைத்து, கையில் பட்டை கட்டி, வெளியே தாழ் போட்டார்கள். தலைவர் தொப்பியோடு வந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்கய்யா. எனக்குக் கோதுமை ஒத்துக்கும். கீழ அவ தனியா இருக்கா."

"உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு நீங்க சொன்னா போதுமா? நாங்க சொல்லணும். அந்தப் பலகையில இருக்கற ஒரு வரிக்காக நாங்க எவ்வளவு பேரைச் சாப்பிட விடாம காப்பாத்தியிருக்கோம் தெரியுமா? உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா நான் அந்தப் பலகையை என்ன பண்றது?"

சாயங்காலம் தட்டு வந்தது. 'குளூட்டன் இல்லை' என்று ஒட்டியிருந்தது. கஞ்சி. பிஸ்கட். அவர் பிஸ்கட்டைத் தனியாக எடுத்து வைத்தார். பழக்கம்.

மறுநாள் காலை கதவைத் திறந்தார்கள். தலைவர் முகமெல்லாம் சிரிப்பாகக் கையைக் குலுக்கினார். "வெளி உணவு சாப்பிட்டு முழுசா பிழைச்ச ஆள் நீங்க. எங்க பிரிவுக்கே பெருமை." ஒரு சான்றிதழ் கொடுத்தார். அவருடைய படத்தை அதில் ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் பசை இன்னும் காயவில்லை.

படி இறங்கி வார்டுக்கு வந்தார். கட்டிலில் மெத்தை இல்லை. இரும்புக் கம்பிகள் பினாயில் ஈரத்தோடு இருந்தன. வாளியோடு ஒருவர் கட்டில் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"விடியறப்போய்யா. வார்டு அம்மா உன்னைக் கூப்பிட மேல ஓடினா. கண்காணிப்புல இருக்கறவரை விடக் கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஏதாவது சொன்னாளா?"

"'அப்புறம்'னு சொல்லிட்டுப் போனாரு, வந்து மீதியச் சொல்லுவாருன்னு சொன்னா. அப்புறம் என்னவா இருக்கும்னு என்னையே கேட்டுக்கிட்டு இருந்தா. எனக்கென்னய்யா தெரியும். நான் எங்க தின்னேன்."

ஐஸ்காரர் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சில்லென்று இருந்தது. துடைக்கிறவர் துணியை வாளியில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.

"அப்புறம்," என்றார் ஐஸ்காரர், தலையணை இருந்த இடத்தைப் பார்த்து. "அப்புறம், மெத்துனு இருந்துச்சு. மெல்லவே வேண்டியதில்ல. அப்படியே கரைஞ்சு போச்சு. உனக்கு எறங்கியிருக்கும்மா."